மெழுகு போட்ட தரை

மூன்றாவது மாடியிலேயே மெழுகு வாசனை மூக்கில் ஏறியது. முதியவர்களை வீடு தேடிப்போய்ப் பராமரிக்கும் ருமியானா சூப் ஜாடியை இடுக்கிக்கொண்டு மிச்சப் படிகளை வேகமாக ஏறினாள். பல்கேரியாவின் பெர்னிக் நகரத்தில் இருந்த அந்தப் பழைய அடுக்ககத்தில் லிஃப்ட் கிடையாது.

ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி கிரும், எழுபத்தொன்பது வயது, வீட்டின் ஒரே அறையில் துணியும் கையுமாகத் தரையில் கிடந்தார். எழ முடியவில்லை.

"என்ன அண்ணே பண்றீங்க?"

"நகராட்சியிலேர்ந்து அந்தம்மா வர்றாங்கல்ல. வீடு வீடா இருக்க வேண்டாமா?"

"நீங்க விழறீங்கன்னுதான் அவங்க பாக்க வர்றாங்க. அவங்களும் வழுக்கி விழட்டும்னு மெழுகு போட்டீங்களா?"

"முதல்ல தூக்கும்மா. அப்புறம் திட்டு."

கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். அவளுக்கு இடுப்பில் சுளீரென்றது. அவர் பிடித்து நடக்கும் வாக்கரைத் தேடினால், அது பால்கனியில் போர்வைக்கு அடியில் ஒளிந்திருந்தது. அதை எடுப்பதற்குள் வாசல் மணி அடித்துவிட்டது.

குளியலறைக்கு ஒரு கைப்பிடிக் கம்பி. ருமியானா தினமும் ஒரு மணி நேரம் வருவது. இரண்டும் கிடைக்க, வந்திருந்த நகராட்சி அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். அவள் ஷூவைக் கழற்றி, விருந்தாளிகளுக்கான செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"அடேயப்பா, முகமே பார்க்கலாம் போலிருக்கே! யார் பண்ணது?"

"நான்தான்," என்றார் கிரும். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, மேசையைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

அவள் தாளில், 'வேலைகளைத் தானே செய்துகொள்கிறார்' என்ற கட்டத்தில் டிக் போட்டாள்.

"மேடம், புத்தாண்டுக்கு அப்புறம் மூணு தடவை விழுந்துட்டார். மணிக்கட்டு முறிஞ்சு கட்டுப் போட்டோம்," என்றாள் ருமியானா.

"அவரையே கேட்போம். விழுந்தீங்களா ஐயா?"

கிரும் ருமியானாவைப் பார்க்கவில்லை. "கால் கொஞ்சம் தடுக்குச்சு. முப்பது வருஷம் பூமிக்குள்ள நடந்தவன்மா நான்."

இன்னொரு டிக்.

"பால்கனில வாக்கர் இருக்கு பாருங்க மேடம்."

"அது செத்துப்போன என் பெண்டாட்டியோடது," என்றார் கிரும்.

அதிகாரி, ருமியானா போட்டுக் கொடுத்த காபியைக் குடித்து முடித்து அவள் பக்கம் திரும்பினாள். "கம்பி தேவைப்படாது. நீங்க வாரம் ஒரு நாள் வந்தாப் போதும்."

கதவு சாத்தியதும் கிரும் கட்டிலில் உட்கார்ந்தார். "பாத்தியா? ஒரு குறை சொல்லல."

ருமியானா அடுத்த வீட்டுக்குப் போகப் பத்து நிமிடம்தான் இருந்தது. வெந்நீரில் வினிகர் ஊற்றி மண்டியிட்டாள். கட்டிலிலிருந்து வாக்கர் அகலத்துக்கு மட்டும் மெழுகைத் தேய்த்து எடுத்தாள். பளபளக்கும் தரையில் மங்கலாக ஒரு பாதை குளியலறை வாசல்வரை போய் நின்றது. அதற்கு அப்பால் ஈர டைல்ஸ். பிடித்துக்கொள்ள, துண்டு தொங்கும் ஒற்றை ஆணி.