மத்தி எழுத்தில் நாற்பத்தாறு பேர்

ஷெர்லின் வரைந்த எழுத்துக்கு அவள் வேலை பார்க்கும் பிளெக்ஸ் கடையில் வைத்த பெயர் மத்தி. கூடையில் மத்தி மீன் அடுக்கியதுபோல நெட்டையாய், தடித்து, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். தமிழ் எழுத்தை ஒடுக்குவது லேசான வேலையில்லை. மூன்று சுழி ண ஒன்று போதும், உயிரை வாங்க. சுழிகள் மையில் அடைபடாமல் அகலத்தைப் பாதியாக்க அவளுக்கு இரண்டு வருடம் பிடித்தது. படகு பாதி வழியில் வரும்போதே படகுத்துறை ஜெட்டியில் இருக்கும் பேனரைப் படித்துவிடலாம். சுதாகரின் பிளெக்ஸ் கடைக்குக் கூட்டம் வந்ததே அதனால்தான். விசேஷ பேனரில் தன் பெயர் இல்லையென்றால் சொந்தக்காரன் சாகும்வரை பேசமாட்டான். மத்தியில் எத்தனை பேரையும் அடைக்கலாம்.

இப்போது அடைக்க வேண்டியது அவளுடைய நிச்சயதார்த்த பேனர்.

மாப்பிள்ளை டெர்வினுக்குத் திக்லிபூரில் பாக்குத் தோப்பு. நல்ல பையன் என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் மறுக்கவில்லை. அவளுக்கு அந்தக் கல்யாணம் வேண்டாம், அவ்வளவுதான். வீட்டில் அவள் வாயைத் திறந்த ஒரே நாளில் அம்மா செலின், "பேசி முடிச்சாச்சு. இனி அப்பா மூஞ்சிய எங்க கொண்டு வைப்பாரு?" என்று கேட்டுவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள். மறுநாள் அப்பா கஸ்பார் நாற்பத்தாறு பெயர் எழுதிய தாளை நீட்டினார்.

"மக்ளே, ஒருத்தர் விடாம போடணும், என்னா."

ஷெர்லின் ஒருத்தரை விட்டாள். டெர்வின் படத்துக்குக் கீழே அவன் பெயரைப் போட்டாள். தன் படத்துக்குக் கீழே ஒன்றும் போடாமல் வெறும் சிவப்பாக விட்டாள். ஏன் என்று யார் முதலில் கேட்கிறார்களோ அவர்களிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவதாக முடிவு. நேரே சொல்லத் தைரியமில்லாத கழுதைக்கு வேறு வழி என்ன இருக்கிறது?

சுதாகர் ஒரு பார்வை பார்த்தார். "லெட்டர் ஏக் நம்பர்" என்று மெச்சிப் பிரிண்டுக்கு அனுப்பிவிட்டார்.

பேனர் அவர்கள் ஊர் பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் ஏறியது. மறுநாள் காலைப் படகுக்கு வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஷெர்லின் பக்கத்திலேயே காத்து நின்றாள். டயானா சித்தி தன் பெயரைத் தேடிப்பிடித்து, அதை மட்டும் பெரிதாக்கிப் போட்டோ எடுத்தாள். மாமாக்கள் இருவர் யார் பெயர் மேலே என்று முறைத்துக்கொண்டார்கள். "படம் நல்லா விழுந்திருக்கு" என்றாள் அம்மா. எல்லோரும் படித்தார்கள், பாவிகள், அவரவர் பெயரை. படகு ஊதியதும் அவள் ஏறிக் கடைக்குப் போய்விட்டாள்.

மத்தியானம் அப்பாவின் போன் வந்தது.

"மக்ளே, பேனர்ல ஒரு பேரு விட்டுப்போச்சே."

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அப்பா அல்லவா, பார்த்துவிட்டார்.

"ஆமாப்பா. நானே உங்ககிட்ட சொல்லணும்னு..."

"ஒன் தப்பு இல்ல. புரோத்ராபூர் டேவிட் சித்தப்பா பேர தாள்ல எழுத நான்தான் மறந்துட்டேன். மனுஷன் விசேஷத்துக்கே வரமாட்டேன்னு நிக்காரு. ஜல்தி ஒரு ஒட்டு அடிச்சுக் கொண்டா."

ஷெர்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க ஒட்ட, அப்பா? எடமில்லையே."

"அரே, நான் பாத்துட்டுதான் பேசுதேன். ஒன் படத்துக்குக் கீழ எடம் சும்மாதான கெடக்கு."

"சரிப்பா" என்றாள். சித்தப்பாவின் பெயரை மத்தியில் அடித்தாள். ஊர்ப் பெயரோடு சேர்த்துப் போட்டும் அந்த இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது.