பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருந்த பலன்

எங்கள் நாமக்கல் கிளையில் சென்ற வருடம் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஊழியர்களின் பலன்கள் நேரில் வருகின்றன. காலை பத்து மணிக்குப் படியேறி வந்து, கவுன்ட்டர்களுக்கு எதிரே உள்ள நீண்ட பெஞ்சில் உட்காருவார்கள். பதினொரு மணிக்கு அவர்களுக்கும் சேர்த்து டீ சொல்லிவிடுவோம். பலன் என்பது அஃறிணைதான். ஆனால் டீ குடிப்பவரை 'அது' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நாங்கள் லாரி வாங்கக் கடன் கொடுக்கும் நிறுவனம். முன்பெல்லாம் பணி விவரத்தில் வேலைகளைத்தான் எழுதுவோம்: தபால் பிரித்தல், கோப்பு அடுக்குதல், முத்திரை குத்துதல். ஊழியர் என்ன செய்கிறார் என்பது முக்கியமல்ல, அதனால் என்ன ஆயிற்று என்பதே முக்கியம் என்று தலைமை அலுவலகம் ஒரு நாள் முடிவுசெய்தது. இனி ஆளுக்கு ஒரே வாக்கியம், அதில் பலன் மட்டும். கிளையின் பணியாளர் அலுவலர் நான் என்பதால் வாக்கியங்களை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. வாக்கியம் சரியாக அமைந்தால் மறுநாளே அதற்குரிய பலன் வந்து, தான் யாருடையவர் என்று பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார். சரியில்லை என்றால் வரமாட்டார்.

மங்கையர்க்கரசிக்கு 'ஆவணங்கள் மூன்று நாளில் உரியவர் கைக்குச் சேர்ந்தன' என்று எழுதினேன். ஒல்லியான ஒருவர் வந்தார். டீயைக்கூட நின்றபடியேதான் குடிப்பார். வசூல் பிரிவு தனவேலின் பலன் தடித்த கழுத்துக்காரர், பெஞ்சில் இரண்டு பேர் இடத்தை எடுத்துக்கொள்வார். மேலாளர் வித்யாசங்கரின் பலன் இன்னும் வந்து சேரவில்லை. சேலம் நெருங்கிவிட்டதாகத் தினமும் போன் செய்கிறார். என்னுடைய வாக்கியத்தில் அவசரத்தில் ஒரு 'மற்றும்' போட்டுவிட்டேன், அதனால் எனக்கு இரட்டையர் வந்தார்கள். இருவரும் பேசிக்கொள்வதில்லை. நடுவே ஆளை விட்டுத்தான் உட்காருவார்கள்.

நாச்சிமுத்துவுக்குத்தான் யாரும் வரவில்லை.

ஆறாவது கவுன்ட்டர் அவருடையது. வயது ஐம்பத்து நான்கு. இருபத்தாறு வருடங்களாக அதே மர நாற்காலி. அவருடைய பழைய பணி விவரத்தில் 'வருகிறவர்களைக் கவனித்தல்' என்று மட்டும் இருந்தது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் பலன் வராத ஊழியரின் நாற்காலியைத் தலைமை அலுவலகம் வேன் அனுப்பி எடுத்துக்கொள்ளும் என்பது விதி. அதில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து வீட்டுக்குப் போகவேண்டும்.

"நமக்கு வந்துருச்சுங்களா சார்?" என்று தினமும் பத்தேகாலுக்குக் கேட்பார்.

"இன்னும் இல்லைங்க."

"பஸ் கெடைக்கலையோ என்னமோ."

தனவேல் தன் இடத்திலிருந்து சிரிப்பான். "அண்ணனோட பலன் எங்கியாச்சும் ஒக்காந்துருக்கும் சார். எந்திரிக்க மனசு வராது. அண்ணனாட்டமே."

நான் முயற்சி செய்யாமல் இல்லை. 'வாடிக்கையாளர் மனநிறைவு உயர்ந்தது' என்று எழுதிப் பார்த்தேன். மறுநாள் படியில் காலடி கேட்டது. மேல்மாடி இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் போகவேண்டியவர், வழி கேட்டுவிட்டு ஏறிப்போனார். 'கிளையின் நற்பெயர் ஓங்கியது' என்று எழுதினேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ஒருவர் வந்து உட்கார்ந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, இந்தக் கிளையாக இருக்காது என்று சொல்லிப் போய்விட்டார்.

இதற்கிடையே பெஞ்சின் கடைசியில் ஒரு பெண்மணி ஆடி மாதத்திலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். கடுகு நிறச் சேலை, மடியில் பச்சை ஒயர் கூடை. யாருடைய பலன் என்று கேட்டேன்.

"தெரியலைங்க. வரோணும்னு தோணுச்சு, வந்துட்டேன்."

பதிவேட்டில் 'உரியவர் தெரியவில்லை' என்று எழுதிக்கொண்டேன். யாருக்கோ சாப்பாடு கொண்டுவருகிறார் என்று மேலாளர் நினைத்துக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து மட்டும் தினமும் அவரைக் கடந்து போகும்போது, "சாப்டீங்களாக்கா?" என்பார். "ஆச்சுங்க" என்பார் அவர்.

ஜனவரியில், வேறு வழி தெரியாமல், நாச்சிமுத்து என்னதான் செய்கிறார் என்று பார்ப்பதற்காக ஆறாவது கவுன்ட்டருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். இது புதிய முறைக்கு விரோதம். ஆகவே கண்ணாடியைத் துடைப்பதுபோல் பாவனை செய்துகொண்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இனி வண்டியை ஓட்டிக் கட்டுப்படியாகாது என்று ஆனதும், லாரிக்காரரே வண்டியைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்துவார். மேலே வந்து கவுன்ட்டரில் சாவியை வைப்பார். இறங்கிப் போய்விடுவார். சாவியை எடுத்துக்கொண்டு ரசீது கொடுப்பது எங்கள் வேலை. அன்று மத்தியானம் மோகனூர் காளியப்பன் அப்படித்தான் வந்தார். சாவியில் முருகன் படம் போட்ட வளையம் தொங்கியது.

"வச்சுட்டேனுங்க. வண்டி கீழ நிக்குது."

நாச்சிமுத்து சாவியைப் பார்த்தார். தொடவில்லை.

"மணி என்னாச்சு பாத்தீங்களா? சாப்டாச்சுங்களா?"

"எறங்கலைங்க."

"எறங்குதான்னா கேட்டேன்? சாப்டீங்களா இல்லியா?"

"இல்லீங்க."

"அப்ப ஆகாதுங்க. வெறும் வவுத்துல வைக்கிற சாவிய வாங்கக்கூடாது, ரூல்ஸ் அப்படி. எதுத்தாப்புல அய்யாவு மெஸ்ல இன்னிக்கு அரிசிம்பருப்புச் சோறு. சாப்ட்டு வந்து வைங்க. நான் எங்கீங்க போயிரப் போறேன்?"

அப்படி ஒரு விதி இல்லை. விதிப் புத்தகத்துக்குப் பொருளடக்கம் தயாரித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரியும். காளியப்பன் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மெஸ்ஸிலிருந்து வெளியே வந்தவர் லாரிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். கை துடைத்த துண்டாலேயே முன்கண்ணாடியைத் துடைத்தார். பிறகு ஏறி, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதே நேரத்தில் பெஞ்சில் இருந்த பெண்மணி மடியில் இருந்த கூடையைத் தரையில் வைத்தார். சாவிக்கொத்துகள் உரசும் சத்தம் கேட்டது. கூடையைச் சாய்த்துக் காட்டச் சொன்னேன். காலியாக இருந்தது.

"நாளுக்கு நாள் கனமாயிட்டே போவுதுங்க," என்றார்.

நாச்சிமுத்துவிடம் திரும்பினேன். "இது மாதிரி எத்தனை பேருங்க?"

"அதை யாருங்க சார் எண்ணுனா? போனவிய ஒருத்தரும் திரும்பி வந்து வைக்கலை. வந்திருந்தா ரசீது இருக்கும், எண்ணிச் சொல்லிரலாம்."

அன்றே 'லாரிச் சாவிகள் ஒப்படைக்கப்படவில்லை' என்று எழுதிப் பெஞ்சுக்கு எதிரே நின்று வாசித்தேன். அந்தப் பெண்மணி பாதி எழுந்தார். பிறகு, முட்டி பிடித்துக்கொண்டது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

"ஏழாவது விதி படிச்சீங்களா சார்?" என்றார் அங்கிருந்த அதிகாரி. "பலன்னா ஏதாவது நடந்திருக்கணும். நடக்காததை எப்படி எழுதறது?"

"அவங்க பெஞ்சுல உக்காந்திருக்காங்களே."

"தாராளமா உக்காரட்டும். எந்திரிக்கத்தான் முடியாது." அன்பாகத்தான் சொன்னார்.

பிப்ரவரி போயிற்று. மார்ச்சும் போயிற்று. பத்தொன்பது வாக்கியங்களை எழுதி அடித்திருந்தேன். இரட்டையர் இருவரும் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டிருந்தார்கள்.

முப்பத்தொன்றாம் தேதி நாச்சிமுத்து ஈரத் துணியால் நாற்காலியின் கால்களைத் துடைத்தார். அதன் முதுகில் போட்டிருந்த துண்டை மடித்து, கண்ணாடிக் கூட்டையும் டிபன் டப்பாவையும் சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"இன்னும் நாலு வருசந்தானுங்க சார் இருந்துச்சு," என்றார். "பரவால்லீங்க. இந்த நாற்காலிக்கு எடது கால் ஒண்ணு ஆடும். அங்க ஒக்கார்றவிய கிட்டச் சொல்லிருங்க, அட்டை மடிச்சு வச்சுக்கட்டும்."



ஒரு மணிக்கு வேன் வந்தது. கயிற்றுச் சுருளோடு இரண்டு பேர் மேலே வந்தார்கள். நாச்சிமுத்து எழுந்து நின்றார். நாற்காலியைத் தூக்க இரண்டு கையும் வேண்டும் என்பதால், வந்த இருவரில் பெரியவர் வேன் சாவியைக் கவுன்ட்டரில் வைத்தார்.

நாச்சிமுத்து சாவியைப் பார்த்தார். தொடவில்லை.

"சாப்டாச்சுங்களா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"விழுப்புரத்துல டீ குடிச்சோம்," என்றார் பெரியவர். "இதை ஏத்திட்டுப் போற வழில பாத்துக்கலாம்னு."

"அப்ப ஆகாதுங்க. எதுத்தாப்புல மெஸ் இருக்குது. சாப்ட்டு வந்து தூக்குங்க. நாற்காலி எங்கீங்க போயிரப் போவுது?"

பெரியவர் சாவியை எடுத்துக்கொண்டார். இருவரும் இறங்கிப் போனார்கள். நான் ஜன்னலுக்குப் போனேன். மெஸ் வாசலில் கை கழுவினார்கள். இலை விழுந்தது. அய்யாவு அள்ளி வைத்த முதல் கரண்டிச் சோற்றை அவர்கள் பிசைவதைப் பார்த்துக்கொண்டே, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து இருபதாவது வாக்கியத்தை எழுதினேன்.

'சாவி வைக்க வந்தவர்கள் சாப்பிட்டார்கள்.'

நடக்காதது எதுவும் அதில் இல்லை. 'மற்றும்' இல்லை. பெஞ்சுக்கு எதிரே போய் நின்று வாசித்தேன்.

அந்தப் பெண்மணி முழுதாக எழுந்தார். கூடையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மெல்ல நடந்து வந்து, பதிவேட்டில் நாச்சிமுத்துவின் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டார். பிறகு ஆறாவது கவுன்ட்டருக்குப் போய், கூடையை நாற்காலியின் ஆடும் காலுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தார். கால் ஆடுவது நின்றது.

"நீங்கதானுங்களாக்கா?" என்றார் நாச்சிமுத்து.

"ஆமாங்க."

"எட்டு மாசமா எதுத்தாப்புலயே ஒக்காந்திருந்து, ஒரு வார்த்தை சொல்லலியே."

"சாப்டீங்களான்னு கேட்டீங்க. ஆச்சுன்னு சொன்னேன். வேற என்னத்தக் கேட்டீங்க?"

நாச்சிமுத்து சிரித்துக்கொண்டே பையிலிருந்து துண்டை எடுத்து நாற்காலி முதுகில் மறுபடி போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் போட்டார். இரட்டையர் பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். மேலாளரின் பலன் போன் செய்து, ராசிபுரம் வந்துவிட்டதாகச் சொன்னார்.

நாற்காலி எடுக்க வந்தவர்கள் திரும்பி வரவில்லை. சாப்பிட்டு முடித்து, இரண்டாம் முறை ரசம் வாங்கிக் குடித்து, மோகனூர் பஸ் ஏறியதாக அய்யாவு சொன்னார். வேன் வாசலிலேயே நின்றது.

மறுநாள் ஏப்ரல் ஒன்று. பத்து மணிக்கு வேன் படியேறி வந்தது. திருப்பத்தில் இடம் போதாததால் கொஞ்சம் ஒருக்களித்து வரவேண்டியிருந்தது. வந்து பெஞ்சின் கடைசியில், நேற்றுவரை அந்தப் பெண்மணி உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தது. யாருடையவர் என்று கேட்டேன். முன்விளக்கை ஒரு முறை சிமிட்டியது. பதிவேட்டில் 'உரியவர் தெரியவில்லை' என்று எழுதிக்கொண்டேன்.

நாச்சிமுத்து தபால் கட்டோடு அந்தப் பக்கமாக வந்தார்.

"சாப்டாச்சுங்களா?" என்று கேட்டார்.

பதினொரு மணிக்கு நான் வேனுக்கும் சேர்த்து டீ ஒன்று கூடுதலாகச் சொன்னேன். அவர் சர்க்கரை வேண்டாம் என்றார்.