மாமியார் கொடுத்த மிக நன்று

மாமியாரிடம் நல்ல பேர் வாங்குவது அந்த வீட்டில் யாருக்கும் நடக்காத காரியம். அரசாங்கத்துக்கு மட்டும் நடந்துவிடுமா? பெருந்தொற்று வந்து ஊரை அடைத்த நாளிலிருந்து மாமியார் டிவியில் செய்தி வாசிப்பவளோடு மல்லுக்கு நின்றார். "போன வாரம் முகக்கவசம் வேணாம்ன. இந்த வாரம் கட்டாயம்ங்கற. முதல்ல நீங்க உக்காந்து பேசி ஒரு முடிவுக்கு வாங்க!" மருமகளின் சமையலுக்கும் இதே கதிதான். ஆறு வருடமாக அது 'மோசம்' என்ற இடத்தை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை.

மருமகளுக்குக் கருத்துக்கணிப்பு நிறுவனத்தில் வேலை. படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கம்ப்யூட்டர் தானாகப் போட்டுக் கொடுக்கும் எண்களில் யார் எடுத்தாலும், தொற்றை அரசு சமாளிக்கும் விதம் பற்றி ஐந்து கேள்வி கேட்க வேண்டும். மிக நன்று, நன்று, சுமார், மோசம், மிக மோசம். பதில் இதில் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு இருபது பேர். கணவன் வேலை பார்த்த ஓட்டலை மூடிவிட்டார்கள், அதனால் இவள் வேலையில்தான் அடுப்பு எரிந்தது. ஏற்கெனவே இரண்டு நாள் எண்ணிக்கை குறைந்திருந்தது. மூன்றாம் நாளும் குறைந்தால் நடையைக் கட்ட வேண்டியதுதான் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

அன்று பத்தொன்பது பேர் முடிந்து இருபதாவது எண்ணுக்கு அழைப்பு போனது. சமையலறையில் மணி அடித்தது.

சொந்தக்காரர் என்றால் விட்டுவிட வேண்டும் என்பது விதி. கெடு முடிய ஐந்தே நிமிடம். அத்தையிடம் ஐந்து 'மிக மோசம்' வாங்க ஒரு நிமிடம் போதுமே என்று துணிந்துவிட்டாள்.

"அத்தை, நான்தான். ஆபீஸ் விஷயமா கேக்கறேன். மிக நன்றுலேர்ந்து மிக மோசம் வரைக்கும் ஒண்ணு சொல்லுங்க. ஊரடங்கு எப்படி?"

"மிக நன்று."

மருமகள் ஃபோனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தாள்.

"ஆஸ்பத்திரி ஏற்பாடு?"

"எல்லாத்துக்கும் அதையே போட்டுக்கோ. அடுப்புல வேலை இருக்கு."

மறுநாள் காலை சூப்பர்வைசர் கூப்பிட்டார். பத்தில் ஒருவரை மறுபடி அழைத்துச் சரிபார்ப்பது அவர் வழக்கம். அந்த ஒருவராக மாமியார் அமைந்துவிட்டார்.

"மேடம், அந்தம்மா என்னை முக்கால் மணி நேரம் உண்டு இல்லைன்னு பண்ணிட்டாங்க. அஞ்சும் மிக மோசம். உங்க படிவத்துல அஞ்சும் மிக நன்று. நீங்களே உக்காந்து எழுதியிருக்கீங்க. அப்புறம் எப்படி உங்களை வெச்சுக்கறது?"

"சத்தியமா இல்ல சார்!" அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஸ்பீக்கரைப் போட்டபடி சமையலறைக்கு ஓடினாள். "அத்தை, எனக்கு ஒரு பதில், இவருக்கு ஒரு பதிலா? என் வேலையே போகப்போகுது!"

மாமியார் கரண்டியைக் கீழே வைத்தார்.

"தம்பி, அவளைத் திட்டாதீங்க. அவகிட்ட சொன்னதுதான் பொய். அவளுக்குச் சம்பளம் குடுக்கறதே கவர்ன்மெண்டுன்னு நெனச்சேன். வீட்டு ஆளே மோசம்னு சொன்னா அவ பொழப்புல மண்ணு விழுமேன்னு, வாய்ல வராத வார்த்தையை அஞ்சு கேள்விக்கும் போடச் சொன்னேன். இன்னிக்கு யாரோ கேட்டாங்களேன்னு மனசுவிட்டுப் பேசிட்டேன்."

மறுமுனையில் சிரிப்பை அடக்கும் இருமல். "சொந்த மாமியாரையா கேட்டீங்க, மேடம்? விதி தெரியாது?"

"தெரியும் சார். தப்புதான்."

"நீங்களா எழுதலை, அதனால பொழச்சீங்க. அந்தப் படிவம் செல்லாது. அதுக்கும் சேர்த்து இன்னிக்கு இருபத்தொண்ணு முடிங்க. அம்மா, இனிமே எங்க நம்பர் வந்தா எடுக்காதீங்க."

மருமகள் சுவரில் சாய்ந்து நின்றாள். தன் மீது இத்தனை அக்கறையா என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆபீஸ் குரலிலேயே கேட்டாள்: "வணக்கம். ஒரே ஒரு கேள்வி. நேத்து மத்தியானம் நான் சமைச்சது எப்படி?"

"பொய் சொல்லட்டுமா, நிஜம் சொல்லட்டுமா?"

"நிஜம்தான், அத்தை."

மாமியார் அடுப்பைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"சுமார்."

இன்னும் இரண்டு தடவை அதைச் சொல்ல வைத்துக் கேட்டுவிட்டுத்தான் மருமகள் வேலைக்குப் போனாள்.