வெளுத்த மோதிரம்

சுரங்க ஊரான இட்ரியாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் நேஷாவின் கல்யாண மோதிரம் வெளுத்துப்போனது. காலையில் பொன்னாக மின்னியது, மத்தியானம் பார்த்தால் ஈயமாட்டம் இருந்தது. சாம்பல் போட்டுத் துலக்கியும் வெளுப்பு போனபாடில்லை.

புருஷன் பித்தளைக்கு முலாம் பூசி ஏமாற்றிவிட்டான் என்றுதான் நினைத்தாள். யெர்னெய் பாதரசச் சுரங்கத்தில் வேலை பார்ப்பவன், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். தன் மோதிரத்தையும் அவன் விரலில் போடாமல் அலமாரிக்குள்ளேயே வைத்திருந்தான். இப்போதல்லவா புரிகிறது! சாயங்கால பஸ்ஸில் அம்மா வீட்டுக்குப் போக மூட்டை கட்டினாள்.

மூட்டையைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு மிட்சி அக்கா உள்ளே வந்தாள். மோதிரத்தைப் பார்த்ததும், காலையில் என்ன வேலை செய்தாய் என்று மட்டும் கேட்டாள். அவருடைய வேலைத்துணியைத் துவைத்தேன், கால்சட்டை மடிப்பிலிருந்து வெள்ளி மணிகள் தொட்டிக்குள் உருண்டன, அழகாக இருக்கிறதே என்று உள்ளங்கையில் அள்ளி விளையாடினேன் என்றாள் நேஷா.

"அடி பைத்தியக்காரி, அது பாதரசம்டி. தங்கத்தைக் கண்டா விடாது, ஒட்டிக்கிட்டு உள்ள இறங்கிடும். இங்க எல்லாரும் மோதிரத்தைக் கழட்டி வச்சிட்டுத்தான் துவைப்போம். உன் வீட்டுக்காரன் சொல்லலையா?"

சொல்லவில்லையே. வெட்கம் பாதி, கோபம் பாதியாக உட்கார்ந்திருந்தாள். மூட்டையை மட்டும் அவிழ்க்கவில்லை.

வேலை முடிந்து வந்த யெர்னெய் முதலில் மூட்டையைப் பார்த்தான், பிறகு அவள் விரலை. முகம் செத்துப்போயிற்று. மோதிரத்தை வாங்கிக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தான். பஸ் வந்தது, போனது. நேஷா வாசலிலேயே நின்றாள்.

இருட்டுகிற நேரத்துக்கு வந்து மேசைமேல் மோதிரத்தை வைத்தான். சுரங்கத்து உலைக்கூடத்தில், புகைபோக்கிக்கு அடியில் காய்ச்சிப் பாதரசத்தை ஆவியாக விரட்டியிருந்தான். மஞ்சள் திரும்பியிருந்தது, ஆனால் அம்மைத் தழும்புபோல எங்கும் குழி. பக்கத்தில் புதிதாகக் கடைந்த இரண்டு இரும்பு மோதிரங்களையும் வைத்தான்.

"இரும்பை அது தொடாது. அதான் பாதரசத்தையே இரும்புக் குடுவைல அடைக்கிறோம். துவைக்கிறப்ப இதைப் போட்டுக்கோ. சொல்லாம விட்டது என் தப்பு."

இன்னொன்று யாருக்கு என்று கேட்டாள்.

"எனக்குத்தான். தங்கத்தைப் போட்டுக்கிட்டு கீழ இறங்க முடியல. வெறும் விரலோட இறங்கவும் மனசு வரல."

அத்தனை வார்த்தையை அவன் ஒரே மூச்சில் பேசி அவள் கேட்டதே இல்லை. எழுந்துபோய் மூட்டையை அவிழ்த்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, துவைக்கிற வேலையே கிடையாது. ஆனாலும் மாதா கோயில் பூசைக்கு அவள் இரும்பு மோதிரத்தைப் போட்டுக்கொண்டுதான் போனாள்.