பென்ஷன் வாங்கிய தேயிலை

1

இந்தக் கதை எங்கே தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மூத்திரம் முட்டியதில் தொடங்கியது. ஹட்டன் பஸ் டயர் வெடித்து நின்றுவிட்டது. கௌரவமான ஆசிரியர் ஒருவர் மறைவு தேடி உடைந்த மதிலைச் சுற்றிப் போனார். அந்த ஆசிரியர் நான்தான். காரியத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது எதிரே ஒரு மரம் நின்றது.

கீழே வெள்ளைப் பூக்கள் கொட்டிக் கிடந்தன. நடுவில் மஞ்சள். ஒன்றைக் கையில் எடுத்தேன். அந்தப் பூவை எனக்குத் தெரியும். இலையைப் பார்த்தேன், விளிம்பில் சின்னச் சின்னப் பல். அதையும் தெரியும். தெரிந்த இரண்டையும் சேர்த்துக்கொண்டு மேலே பார்த்தால், இரண்டு மாடி உயரத்துக்குத் தெரியாத ஒன்று நிற்கிறது.

தேயிலை.

நான் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன். தேயிலை என்றால் இடுப்பு உயரம். அதைக் குனிந்து பார்த்துத்தான் பழக்கம். விதைக்கு விட்டால் மரமாக வளரும் என்று பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறேன், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சொல்லிக்கொடுத்ததெல்லாம் சும்மா. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தேயிலையை அண்ணாந்து பார்த்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது. பஸ் ஹோர்ன் அடித்தது காதில் விழவே இல்லை. பஸ் போய்விட்டது.

[இங்கே ஓர் உவமை எழுதி அடித்துவிட்டேன். கோயில் கோபுரம் வந்தது. யார் எழுதினாலும் அதுதான் வரும்.]

2

தொடக்கம் ஒன்று: "மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வந்து இறங்கிய காலையில் மலை முழுக்கப் பனி." (இந்தப் பக்கத்தில் எந்தக் காலையில்தான் பனி இல்லை? விட்டுவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு: "முதியோர் இல்லத்தை மூடியபோது அங்கே மிஞ்சியிருந்தவர்கள்…" (மிஞ்சியிருந்தவர்களைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.)

தெரிந்தவர் பெற்றீசியா. அந்த இல்லத்தின் சமையல்காரி. தோட்டத்தில் வேலைசெய்து ஓய்ந்து, பார்க்க ஆளில்லாமல் போனவர்களுக்காக கன்னியாஸ்திரிகள் நடத்திய இல்லம் அது. சிஸ்டர்மார் போனார்கள், இல்லம் மூடியது, கூரை போனது. இப்போது அந்த நிலத்தில் தொடர்மாடி வீடுகள் வரப்போகின்றன, மண்சரிவில் லயத்தை இழந்த குடும்பங்களுக்காக. கட்டட வேலையாட்களுக்கு வாசலில் கொட்டில் போட்டுத் தேத்தண்ணி ஊற்றுகிறார் பெற்றீசியா. பஸ்ஸை விட்ட எனக்கும் ஊற்றினார்.

"அது வேலிக்குன்னு நின்ன தேயில மாஸ்டர். ஒரு நாளு சிஸ்டர் ஆள் கூட்டியாந்து இடுப்பு ஒசரத்துக்குக் கவ்வாத்து வெட்டச் சொன்னாங்க. நம்ம வேலாயி அக்கா போயி குறுக்க நின்னுட்டாங்க."

வேலாயி காலமெல்லாம் கொழுந்து பறித்தவர். இல்லத்துக்கு முதலில் வந்தவர்களில் ஒருவர்.

"என்ன சொன்னாங்க?"

"'எங்களுக்குத்தான் பென்ஷன் இல்ல சிஸ்டர். இந்த ஒரு செடிக்காவது குடுப்போம். இது ஒழச்சது போதும்'னாங்க. சிஸ்டர் சிரிச்சுக்கிட்டே போயிட்டாங்க. அப்புறம் அத ஒருத்தரும் வெட்டல, ஒரு கொழுந்து கிள்ளல. புதுசா யாரு இல்லத்துக்கு வந்தாலும் மொதல்ல அதுகிட்ட கூட்டிட்டுப் போயி தொடச் சொல்லுவாங்க. 'இனிமே ஒனக்கும் பெரட்டு இல்ல, இதுக்கும் கத்தி இல்ல'ன்னு சொல்லித்தான் உள்ள கூட்டிட்டுப் போவாங்க."

(பெரட்டு தெரியாதவர்களுக்கு: விடியற்காலையில் குளிரில் வரிசையாக நின்று, அன்றைய வேலைக்குப் பெயர் கொடுப்பது. ஓய்ந்து போன பிறகும் அந்த நேரத்துக்குக் கண் விழித்துவிடும் என்றார் பெற்றீசியா.)

திரும்பப் போய் மரத்தைப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே பழைய வெட்டுத் தழும்புகள், முடிச்சு முடிச்சாக. எத்தனை கவ்வாத்தோ! அதற்கு மேலே ஒரு வெட்டுக்கூட இல்லை. வழவழவென்று நேரே மேலே போகிறது. இதைச் செய்தது உரமும் இல்லை, மழையும் இல்லை. சும்மா விட்டதுதான். சும்மா விட்டால் ஓர் உயிர் இவ்வளவு தூரம் போகுமா என்று நினைத்ததும் எனக்குக் கண் கலங்கியது. அழுதேன் என்றே எழுதிவிடுகிறேன், எதற்கு மழுப்ப வேண்டும்?

3

இனி நிரஞ்சன். கட்டட வேலையின் மேற்பார்வையாளர். பொகவந்தலாவைப் பக்கத்து லயத்துப் பிள்ளை. முதலில் ஏதோ காட்டுமரம் என்று நினைத்து, வெட்டுவதற்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்தவர் அவர்தான். பெற்றீசியா சொன்ன பிறகு, சாப்பாட்டுப் பார்சலோடு தினமும் மரத்தடிக்குத்தான் போகிறாராம்.

"மாஸ்டர், நீங்க பத்திரிகைக்கு எழுதுவீங்களாமே. இதப்பத்தி ஒரு கட்டுரை எழுதுங்க. வெளிய தெரிஞ்சா மேல உள்ளவங்களே வெட்ட வேணாம்னுருவாங்க. எல்லாரும் பாக்க வருவாங்க."

"பிளான் என்ன ஆகும்?"

"தொடர்மாடிக்கு ஒண்ணும் ஆகாது. கீழ பக்கவாட்டுல ஒரு வீடு நீட்டி இருக்கு, படியே இல்லாம. அது மட்டும் போயிரும்."

"மறுபக்கம் நீட்டினால்?"

"அந்தப் பக்கம் பள்ளம் மாஸ்டர்."

"படி இல்லாத வீடு யாருக்கு?"

நிரஞ்சன் கையைக் கழுவப் போய்விட்டார்.

[அன்று இரவே கட்டுரையைத் தொடங்கினேன். "நமது மலையகத்தின் மாபெரும் சாட்சி…" அந்த வாக்கியம் இன்னும் அப்படியே கிடக்கிறது. பிறகு செய்தது வேறொரு காரியம்: முதல் பகுதியில் இருந்த ஊர்ப் பெயரையும், பஸ் நின்ற வளைவின் அடையாளத்தையும் அழித்தேன். ஹட்டன் பஸ் எத்தனையோ ஊர் வழியாகப் போகிறது, தேடிப் பாருங்கள்.]

4

படி இல்லாத வீடு சுதர்ஷினிக்கு. கொழுந்து பறிப்பவள். மண்சரிவில் லயத்துச் சுவர் விழுந்து அவளுடைய கணவர் சிவசாமியின் இரண்டு கால்களும் போய்விட்டன. தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள். வீடு வரப்போகும் இடத்தைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள், நானும் போயிருந்தேன்.

இந்தப் பாத்திரம்தான் எனக்குச் சரியாக வரவில்லை. நான் எழுதி வைத்திருந்த சுதர்ஷினி மரத்தைக் கட்டிக்கொண்டு அழுவாள். வந்த சுதர்ஷினி கேட்ட முதல் கேள்வி:

"கக்கூஸ் உள்ளுக்கா, வெளியவா சேர்?"

"உள்ளுக்குத்தான் அக்கா," என்றார் நிரஞ்சன்.

"அப்பாடி! அவரத் தூக்கிட்டு வெளிய போக வேணாம்."

அத்திவாரத்துக்கு அளந்து கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். இங்கே அடுப்பு, இங்கே அவர் படுக்க, இங்கே ஜன்னல். கயிறு மரத்தில் போய் முட்டியது. அண்ணாந்தாள். எனக்கு விழுந்த அதே அடி அவளுக்கும் விழுந்தது, முகத்தில் தெரிந்தது.

தாழ்ந்த கிளை ஒன்று அவளுடைய முகத்துக்கு நேரே இருந்தது. கை போனது. கண் மேலேயே இருக்க, விரல்கள் தாமாகவே கொழுந்தைக் கிள்ளி, முதுகுக்குப் பின்னால் வீசின. மறுபடி கிள்ளி, மறுபடி வீசின. முதுகில் கூடை இல்லை. கொழுந்து சேற்றில் விழுந்தது.

பெற்றீசியா விழுந்து விழுந்து சிரித்தார். சுதர்ஷினியும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "ஞாயித்துக்கெழமயும் கை நிக்க மாட்டேங்குது பாருங்க!" என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. சேற்றில் கிடந்ததைப் பொறுக்கி, சேலையில் துடைத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"இம்புட்டு ஒசரம் போகுமா மாஸ்டர் இது? இதையா நாங்க தெனமும் கிள்ளிக் கிள்ளி இடுப்புக்குக் கீழயே வச்சிருக்கோம்?"

இன்னும் இருபது வருஷம் படித்தாலும் இந்த ஒரு வாக்கியம் எனக்கு வராது.

நிரஞ்சன் தயங்கித் தயங்கிக் கட்டுரை விஷயத்தைச் சொன்னார். அவள் முழுவதையும் கேட்டாள்.

"பெரிய மரந்தான் சேர். சாமி கணக்காத்தான் நிக்குது, நான் இல்லேங்கல. ஆனா மழ பேஞ்சா அவரு படுத்திருக்க எடத்துக்கே தண்ணி வருது. நான்தான் தூக்கிப் பெட்டி மேல ஒக்கார வைக்கிறேன். விடியுற வரைக்கும் அப்படியே புடிச்சுக்கிட்டு இருக்கேன்." நிரஞ்சனைப் பார்த்துச் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினாள். "நீங்க எழுதுனா எங்களுக்கு வேற எடம் குடுப்பாங்களா மாஸ்டர்?"

"குடுப்பாங்க," என்றார் நிரஞ்சன்.

"எப்ப?"



5

முடிவு ஒன்று: கட்டுரை வருகிறது. மரம் நிற்கிறது. சுற்றுலா வான்கள் வருகின்றன, வெள்ளைக்காரர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். சுதர்ஷினி கொட்டகையில்.

முடிவு இரண்டு: மரம் விழுகிறது. சிவசாமி ஜன்னலோரம் காய்ந்த தரையில் படுத்து…

முடிவு மூன்று: நிரஞ்சன் விடிய விடிய யோசித்துப் பிளானை மாற்றி, மரமும் பிழைத்து, வீடும் வந்து… (மாற்றிப் பார்த்தார். வரவில்லை. வந்திருந்தால் நான் எழுதமாட்டேனா?)

பெற்றீசியாவிடம் கேட்டேன், வேலாயி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று. மரத்தின் பக்கம் ஒரு சாட்சி கிடைக்கும் என்ற நப்பாசைதான்.

"வேலாயி அக்காவா?" கோப்பைகளைக் கழுவிக்கொண்டே சொன்னார். "அவங்களுக்கு ஒண்ட ஒரு வீடு இல்லாமத்தான மாஸ்டர் இங்க வந்தாங்க."

போன கிழமை, இதுவரை எழுதியதைக் கொண்டுபோய் சுதர்ஷினிக்கு வாசித்துக் காட்டினேன். சிவசாமியும் படுத்தபடி கேட்டார். கொழுந்து வீசிய இடத்தில் இரண்டு பேரும் சிரித்தார்கள். முடிவு மட்டும் இன்னும் அகப்படவில்லை என்றேன்.

"கதைய எப்படி வேணா முடிங்க மாஸ்டர்," என்றாள். "வீட்டக் கட்டி முடிக்க விடுங்க."

அதனால் கட்டுரையை எழுதவில்லை. எழுதியது இதைத்தான். மரம் இதை எழுதும்போது நிற்கிறது. பெக்கோ அந்த மூலைக்கு இன்னும் வரவில்லை, நிரஞ்சன் ஏதேதோ காரணம் சொல்லித் தள்ளிப்போடுகிறார். எத்தனை நாள் தள்ளுவார்?

உங்களில் யாராவது அந்த ரோட்டில் தினமும் போகிறவராக இருப்பீர்கள். இடம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மதிலைச் சுற்றிப் போனால் போதும். சத்தியமாகச் சொல்கிறேன், மெய்மறந்து நிற்பீர்கள். கையில் போன் இருக்கும். ஒரே ஒரு படம் எடுத்துப் போட்டால் நாடே பார்க்கும், பிறகு அந்த மரத்தை ஒருவராலும் தொட முடியாது.

எடுப்பதும் எடுக்காததும் உங்கள் பாடு. எனக்கு அந்தத் தைரியம் இல்லை. ஆனால் போட விரல் போகும்போது மரத்தைப் பார்க்காதீர்கள். அங்கிருந்து நடக்கிற தூரத்தில்தான் சுதர்ஷினியின் கொட்டகை இருக்கிறது. போய், அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போடுங்கள்.