சேற்றுக் கிருமி

கணேசலிங்கத்தின் காலைச் சிப்பி ஓடு கிழித்தது ஒரு சனிக்கிழமை காலையில். மண்டபம் அகதி முகாமுக்கு அப்பால், கடல் உள்வாங்கிக் கிடந்த சேற்றில் அவரும் மனைவி தக்ஷாயினியும் மட்டிச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பெயின்ட் வேலை இல்லாத நாட்களில் குழம்புக்கு அதுதான். உடம்பு அலுப்பாக இருக்கிறது என்றவரை வற்புறுத்திக் கூட்டிப்போனவள் தக்ஷாயினி. வலது கணுக்காலில் சின்னக் கீறல். கடல் தண்ணீரிலேயே கழுவிக்கொண்டார்.

சாயந்திரம் குளிர்காய்ச்சல் கண்டது. ஞாயிறு விடிந்தபோது கால் முழங்கால்வரை வீங்கி, கருநீலக் கொப்புளங்கள் எழும்பியிருந்தன. ஆட்டோ பிடித்து ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வழியில் உச்சிப்புளி தாண்டுவதற்குள் ஒரு கொப்புளம் உடைந்து தக்ஷாயினியின் சேலையை நனைத்தது.

டாக்டர் சஃபாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. காலைப் பார்த்ததும் தக்ஷாயினியைத் தனியே அழைத்தார்.

“உப்புத்தண்ணிச் சேத்துல இருக்குற கிருமிக்கா. சதைய அழிச்சுக்கிட்டு மேல ஏறுது. மருந்து மட்டும் பத்தாது. தொடைக்குக் கீழ கால எடுத்தாத்தான் உயிரு நிக்கும்.”

“நானும் அதே சேத்துக்குள்ளதான் நிண்டனான். என்ர காலிலயும் கீறல் கிடக்கு, பாருங்கோ.”

“உங்களுக்கு ஒண்ணும் செய்யாது. அவருக்கு முன்னமே காமாலை வந்து ஈரல் கெட்டிருக்கு. அந்த மாதிரி ஆளுகளத்தான் இது சாய்ச்சிரும்.”

விஷயத்தைச் சொன்னதும் கணேசலிங்கம் ஒரே பிடியாக மறுத்தார்.

“ஏணியில ஏறிப் பிழைக்கிறவன் நான். ஒத்தைக் காலோட என்ன செய்யிறது? செத்தா முழுசாப் போறன். காலை எடுக்க விடமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு.”

தக்ஷாயினி அவர் கையைப் பிடித்துக்கொண்டாளே தவிர, சத்தியம் பண்ணவில்லை.

ஒரு மணி நேரத்தில் ரத்த அழுத்தம் விழுந்தது. அவர் பேச்சு குழறியது. அவளையே யார் என்று கேட்டார். பிறகு கேட்கவும் இல்லை. சஃபா ஒப்புதல் படிவத்தோடு வந்தார்.

“அவர் வேண்டாமெண்டு சொன்னவர்,” என்றாள் தக்ஷாயினி.

“தெரியும்க்கா. இப்ப அவரால சொல்ல முடியாது. நீங்கதான் சொல்லணும். நேரமில்ல.”

கையெழுத்துப் போட்டாள்.

ஒன்பதாம் நாள் அவருக்கு நினைவு தெளிந்தது. கையால் போர்வையைத் தடவிப் பார்த்தார். வலப்பக்கம் தொடைக்குக் கீழே மெத்தைதான் இருந்தது.

“ஆர் கையெழுத்து வச்சது?”

“நான்தான்.”

போர்வையை இழுத்து அந்த இடத்தை மூடினார். பிறகு கேட்டார்: “காலை என்ன செய்தனீ?”

அதை அவள் எதிர்பார்க்கவில்லை. கேட்டு வாங்கிப் புதைத்திருக்கலாம் என்பதே அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“ஆஸ்பத்திரியிலயே விட்டிட்டன்.”

அவர் அழுதார். பத்தொன்பது வருடத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. கண்ணைத் துடைக்க நீட்டிய அவள் கையைத் தட்டிவிட்டார். பக்கத்துக் கட்டில்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நர்ஸ் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அது ஆறிக்கொண்டிருந்தது.

தக்ஷாயினி ஒரு கரண்டி எடுத்து அவர் வாயருகே நீட்டினாள். அவர் வாயைத் திறக்கவில்லை. அவளும் கையை இறக்கவில்லை.