பல் பதிந்த தண்டு

'19.08.2025, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். மீரான் பாயின் புகைக்குழாய்த் தண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டேன். மூன்று நிமிடம்தான். நான்காகவும் இருக்கலாம்.'

எழுதி முடித்த திலகா, 'சிறு' என்ற சொல்லை அடித்தாள். அடித்தது மிகையாகப் பட்டது. அதன் மேலேயே மறுபடி எழுதினாள். தினமும் பத்து வரி, நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்பது சைமா மிஸ்ஸின் கட்டளை. குரூப் ஃபோர் தேர்வுக்கு மாலை வகுப்பு நடத்துகிறவள் அவள். சனிக்கிழமை எல்லோருடைய நோட்டையும் வாங்கிப் போய்ப் படித்துத் திருத்துவாள். அவள் மீரான் பாயின் மகள் என்பது இந்தச் செவ்வாய்க்கிழமை வரை திலகாவுக்கு ஒரு தொந்தரவாக இருந்ததில்லை.

பகலில் திலகாவுக்கு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், தாண்டவராயன் நடத்தும் பல்செட் லேபில் வேலை. மெழுகில் பல் அடுக்குவது, கொதிக்க வைத்து மெழுகை இறக்குவது, அந்த இடத்தில் அக்ரிலிக் பிளாஸ்டிக்கை அடைத்து வேக வைப்பது, கடைசியில் பாலிஷ். அங்கே எது வந்தாலும் எப்படியும் ஒருமுறை கொதிதண்ணீருக்குள் போய்த்தான் வெளியே வரும். கை அப்படிப் பழகிவிட்டது.

பாய் கப்பலில் இஞ்சின் அறையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர். ஊருக்குத் திரும்பி பம்ப்செட் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறார். இரண்டு கையும் செம்புக் கம்பியில் இருக்கும். புகைக்குழாய் இடது கடைவாயில் தானாக நிற்கும். மூன்று மாதம் முன்பு அந்தப் பக்கம் மேல்பல் நான்கு போயின. அதற்கு செட் கட்டியது திலகா. அவள் தனியாகக் கட்டிய முதல் செட் அது.

தண்டைக் கொடுக்கும்போதே பாய் சொல்லியிருந்தார்: "மேல மஞ்சப் பூத்து கசக்குதும்மா. பாலிஷ் மட்டும் போட்டுக் குடு. அந்தக் கடிச்ச பள்ளத்துல கைய வெச்சிடாத. நீ கட்டுன பல்லு அதுல போயி டக்குன்னு உக்காந்துக்குது. அது இல்லன்னா பைப்பு வாயில நிக்காது."

எச்சில் கறையை இளக்கத்தான் தண்ணீரில் போட்டாள். இடுக்கியால் எடுத்தபோது வளைந்திருந்த தண்டு அடிக்கோல் போல நிமிர்ந்திருந்தது. கறுப்பு போய்ச் சேற்றுப்பச்சை ஏறியிருந்தது. பள்ளம் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். வழுவழுவென்று இருந்தது. தண்டு செய்த கெட்டி ரப்பர், சூடு பட்டால் முதலில் வார்த்த வடிவத்துக்கே திரும்பிவிடும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? இருபது வருடக் கடி நான்கு நிமிடத்தில் எழும்பி மறைந்துவிட்டது.

"இன்னாத்துக்கு மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு கீற?" என்றார் தாண்டவராயன். "ரப்பரு போனா போவுது. நம்ம அக்ரிலிக்ல ஒண்ணு பண்ணிக் குடு. கண்ணாடி மாதிரி கீதுன்னு அவரே மெச்சிக்குவாரு." அவரே போன் போட்டு, "பாய், அந்தப் பழசு பாலிஷ் போடறப்ப வெடிச்சிப் போச்சி" என்றார். திலகா பக்கத்தில்தான் நின்றாள். பழைய தண்டைக் காகிதத்தில் சுற்றி டிபன் பைக்குள் வைத்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் புதுத் தண்டோடு போனாள். பாய் கடையில், கவிழ்த்த பக்கெட்டின் மேல் செங்கேணி அக்கா உட்கார்ந்திருந்தாள். ஏரிப் பாசனத்தில் குத்தகைக்குப் பயிர் வைத்திருக்கிறவள். அவளுடைய மோட்டார்தான் மேசையில் வயிற்றைத் திறந்து கிடந்தது. பாய் புதுத் தண்டைக் குழாயில் மாட்டிப் பற்றவைத்து இழுத்தார்.

"கசப்பு இல்ல. புகையும் நல்லா வருது." இரண்டு இழுப்பு போனது. "ஆனா கரண்டிய கடிச்சிக்கினு கீறாப்போல கீதே."

கம்பியைச் சுற்றத் தொடங்கினார். அவர் பல் தண்டில் பட்டுப் பட்டு டக்கென்றது. நாற்பத்தெட்டாவது சுற்றில் புகைக்குழாய் நழுவியது. இடது கையால் பிடித்தார், எண்ணிக்கை போயிற்று. சுற்றியதை எல்லாம் அவிழ்த்தார்.

"பாயி, பைப்ப புடிக்கிறியா ஒயர புடிக்கிறியா? ஒண்ணு சொல்லு. அங்க நாத்து காஞ்சிக்கினு கீது," என்றாள் செங்கேணி.

"நாலு பல்லு வெச்சிக்கினு நான் படற பாடு உனக்கு இன்னா தெரியும்? கம்முனு குந்து."

வியாழக்கிழமை மெல்லியதாக இழைத்துக் கொண்டுபோனாள். உறுத்தல் குறைந்தது, வழுக்கல் கூடிற்று. துளைக்குள் எச்சில் சேர்ந்து களகளத்தது. வெள்ளிக்கிழமை, ஈறு நோகாமலிருக்க பல்செட்டுக்குள் பூசும் மெத்தென்ற பூச்சைத் தண்டின் கடிவாயில், பல் படும் நுனியில், பூசினாள். பல் பிடித்தது. ஐந்து நிமிடம் நின்றது. பிறகு சூடேறி ஒரு மருந்து வாடை கிளம்பியது.

"ஆஸ்பத்திரிய பத்த வெச்சி இழுக்கறாப்போல கீதும்மா," என்றார் பாய். செங்கேணி சிரித்துவிட்டு, மோட்டாரைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். இன்னும் இரண்டு காயில் பாக்கி.

மூன்று நாளும் திலகா நோட்டில் கட்டம் போட்டுக் குறித்திருந்தாள்: கனம், உறுத்தல், வழுக்கல், வாடை. கட்டம் நிரம்பியதே தவிர ஒன்றும் நகரவில்லை. எந்தக் கட்டத்திலும் எழுத முடியாத ஒன்றைச் சுற்றியே அவள் தண்டுகளை இழைத்துக்கொண்டிருந்தாள். தாண்டவராயன் மேல் எரிச்சல் வந்தது. பொய்யை அவர் சொன்னார். அதைத் தினம் கையில் எடுத்துக்கொண்டு போவது யார்?

பாய் அந்தப் பக்கம் திரும்பி, செட்டைக் கழற்றி, தண்ணீர் விட்டுக் கழுவி அவளிடம் நீட்டினார். கன்னம் உள்ளே போயிருந்தது.

"பைப்பு மேல தப்பு இல்லம்மா. நீயும் மூணு தபா பண்ணிட்ட. என் வாயிதான் மாறிப்போச்சி. வயசானா எலும்பு தேயுமாமே. இந்தக் கோரப்பல்ல மட்டும் கொஞ்சம் தேச்சிக் குடு. காலைல வந்து வாங்கிக்கறன்."

"வேணாம் பாய், நானே கொண்டாறன்," என்றாள். செட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டாள். கடை மாடியில் மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த சைமா மிஸ் எட்டிப் பார்த்து, "திலகா, மேல வரலையா? நாளைக்கி நோட்டு மறந்துடாத," என்றாள்.

"லேப்ல ஒரு வேல கீது மிஸ்."

லேபில் யாருமில்லை. தாண்டவராயன் நாலு மணி பஸ்ஸுக்கே செங்கல்பட்டு போய்விட்டிருந்தார். திலகா தேய்க்கும் மோட்டாரைப் போட்டாள். கோரைப்பல்லைச் சக்கரத்துக்கு ஒரு விரற்கடை தூரம் வரை கொண்டுபோனாள். மயிரிழை பிசகாமல் உட்கார்ந்த பல். இதைத் தேய்த்தால் பாய்க்குச் சோறு மெல்வதும் கெடும். அணைத்தாள். மறுபடி போட்டாள். மறுபடி அணைத்தாள்.

பிறகு டிபன் பைக்குள்ளிருந்து, காகிதத்தில் சுற்றி வைத்திருந்த பழைய தண்டை எடுத்தாள். சூடு நிமிர்த்தியதைச் சூடே வளைக்காதா? தெரியவில்லை. செவ்வாய்க்கிழமையும் தெரியாமல்தான் செய்தாள். இந்த முறை கடிகாரத்தைப் பார்த்து, வேண்டுமென்றே கொதிதண்ணீரில் விட்டாள். ஒரு நிமிடத்தில் எடுத்து மாத்திரை டப்பியின் மேல் மெல்ல அழுத்தினாள். வளைந்தது. பழைய வளைவேதானா என்று சொல்ல முடியவில்லை.

அலமாரியில் பென்சிலால் 'மீரான் பாய்' என்று எழுதிய, செட் கட்டும்போது அவர் வாயை அச்செடுத்து வார்த்த வெள்ளைப் பிளாஸ்டர் தாடைகள் இருந்தன. மேல்தாடையில் அவருடைய செட்டை மாட்டினாள். கடிவாயை மட்டும் மறுபடி சூடாக்கி, இடது பக்கம் பல்லுக்கு நடுவில் வைத்து, இரண்டு தாடையையும் ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டினாள். தடம் விழுமா, பிளாஸ்டர்தான் விரிசல் விடுமா? அவிழ்த்துப் பார்க்கக் கை பரபரத்தது. அவிழ்க்கவில்லை.

முகமில்லாத வாய் ஒன்று தண்டைக் கடித்துக்கொண்டு மேசைமேல் உட்கார்ந்திருந்தது. அதற்கு எதிரில் நோட்டை விரித்தாள்.

'22.08.2025, வெள்ளி. நாளை காலை ஒன்பது மணி: பாய் கடை திறந்ததும் பல்லையும் பழைய தண்டையும் கொடுக்க வேண்டும். பல்லைத் தேய்க்கவில்லை என்று சொல்ல வேண்டும். ஏன் என்றும் சொல்ல வேண்டும். அதன் பிறகு மாடிக்குப் போய் நோட்டைக் கொடுக்க வேண்டும்.'